ஏழாவது வரிசை, ஓர சீட்

இது நடந்தது.

உங்களை நம்ப வைக்க என்னிடம் ஒரு வழியும் இல்லை. சாட்சிக்கு யாரையும் கூட்டிவர முடியாது. அன்றைக்கு அங்கே இருந்த வெல்டர் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். மேஸ்திரியைக் கேட்டால் பேச்சை மாற்றுவார். பாதியை என் அண்ணி சொல்லிக் கேட்டேன். மீதியை என் கண்ணால் பார்த்தேன்.

அண்ணிக்குக் கதை கட்டத் தெரியாது. சினிமா பார்த்துவிட்டு வந்தவளிடம் கதை சொல்லச் சொன்னால்கூட, ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிடுச்சு என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். அளவு, மட்டம், கோணம், இதெல்லாம்தான் அவள் பேச்சு. காய் நறுக்கினால்கூட எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருக்கும். அப்படிப்பட்டவள் ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இதை என்னிடம் சொல்ல ஆரம்பித்தாள். அதனால்தான் நான் நம்பினேன்.

அவள் இன்ஜினியர். எங்கள் ஊர் கால்பந்து கிளப்புக்குப் புது ஸ்டேடியம் கட்டிக்கொண்டிருந்த கம்பெனியில் வேலை. புதுசு என்றால் பெரிசு இல்லை. பழைய ஸ்டேடியத்தில் இருபதாயிரம் பேர் உட்காரலாம். ஒரு காலத்தில் உட்கார்ந்தார்கள். அப்புறம் கிளப் தோற்க ஆரம்பித்தது. தோற்றுக்கொண்டே இருந்தது. குளிருக்குக் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்த பழைய ரசிகர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு வேறு வேலை இருந்தது. கடைசி வருஷங்களில், ஒழுகுகிற கூரைக்குக் கீழே நூறு இருநூறு தலைகள்தான். பழையதை இடித்துவிட்டு அதே இடத்தில் இரண்டாயிரம் பேருக்குச் சின்னதாக ஒன்று கட்டுவது என்று முடிவானது.

கிளப் செயலாளருக்கு அதில் மனத்தாங்கல். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னதாகக் கட்டினால் எங்கள் கூட்டம் எங்கே உட்காரும் என்று கேட்டாராம். எந்தக் கூட்டம் என்று மேஸ்திரி அண்ணியின் காதோடு கேட்டாராம். வீட்டில் வந்து அவள் இதைச் சொன்னபோது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நாங்கள் இருவரும் சிரிப்பதை நிறுத்திவிட்டோம்.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்தக் கிளப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நூற்றுச் சொச்சம் தலைகளில் ஒருவன். இப்படித் தோற்கிற டீமுக்காக ஏன் தொண்டை கிழியக் கத்துகிறாய் என்று கேட்டால், ஜுரத்தில் கிடக்கிறவனை விட்டுவிட்டு யாராவது போவார்களா என்பான். அவன் இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டிருந்தது. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். புது ஸ்டேடியத்தின் முதல் ஆட்டம் முடிந்து பத்தாம் நாள். அதுவரை அவனை அலுங்காமல் குலுங்காமல் வைத்திருக்க வேண்டும். வீட்டில் எங்கள் எல்லாருடைய கவலையும் அந்த ஒன்றுதான். அந்தத் தேதி வரைக்கும்.

முதல் ஆட்டத்துக்குப் போயே தீருவேன் என்றான். டாக்டரும் போகட்டும் என்றுதான் சொன்னார். படி ஏறக் கூடாது, அவசரத்துக்கு உதவி பக்கத்திலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

அண்ணி அதற்கு முன்பே வழி செய்து வைத்திருந்தாள். கேலரியில் பன்னிரண்டு வரிசை. ஏழாவது வரிசைக்கு நேராக ஒரு நுழைவாசல். வெளியிலிருந்து சரிவுப் பாதையில் நடந்தால், ஒரு படிகூட மிதிக்காமல் அங்கே வந்துவிடலாம். நுழைவாசலை ஒட்டியே முதலுதவி அறை. ஆட்டம் நடக்கும்போது அங்கே டாக்டரும் கருவிகளும் தயாராக இருக்கும். முதலில் வரைந்த படத்தில் அந்த அறை மைதானத்தின் எதிர்ப்பக்கம் இருந்தது. அண்ணிதான் கம்பெனியில் ஆயிரம் காரணம் சொல்லி இந்தப் பக்கம் கொண்டுவந்தாள். உண்மையான காரணம் எங்கள் வீட்டு மூன்று பேருக்கு மட்டும் தெரியும்.

ஏழாவது வரிசை, ஓர சீட்.

"ராணிக்கு ராஜா மகால் கட்டுனான்னு படிச்சிருக்கோம். எனக்கு என் பொண்டாட்டி ஸ்டேடியமே கட்டுறா" என்று அண்ணன் வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொள்வான். அண்ணி வெட்கப்பட்டு உள்ளே போய்விடுவாள்.

முதல் ஆட்டத்துக்குப் பதினைந்து நாள் இருந்தபோது பார்வைச் சோதனை நடந்தது. கேலரி கட்டுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். மைதானத்தின் ஓரக் கோட்டில் ஒரு பந்தை வைப்பார்கள். ஆட்களை ஒவ்வொரு வரிசையாக உட்கார வைத்து, பந்து தெரிகிறதா என்று கேட்பார்கள். முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலாகப் பின்னால் இருப்பவர் பார்வை போக வேண்டும். ஒவ்வொரு படியின் உயரமும் அதற்காகக் கணக்குப் போட்டு வைத்தது. அந்தக் கணக்கு அண்ணியுடையது.

அன்று வேலை முடிந்த நேரம். வெயில் தாழ்ந்திருந்தது. வெல்டர், பெயிண்டர், எலக்ட்ரீஷியன் என்று இருந்த ஆட்களை எல்லாம் கூப்பிட்டாள். முதல் வரிசையில் உட்கார வைத்தாள். தெரிகிறது என்றார்கள். இரண்டாவதிலும் தெரிந்தது. மூன்றாவதிலும். எல்லாரும் எழுந்து நாலாவது வரிசைக்குப் போனார்கள்.

வெல்டர் கையைத் தூக்கினார்.

"முன்னாடி இருக்கிறவரைக் கொஞ்சம் குனியச் சொல்லுங்க மேடம். மறைக்கிறார்."

எல்லாரும் சிரித்தார்கள். வெல்டர் எப்போதும் ஏதாவது வேடிக்கை பண்ணுகிறவர். அண்ணியும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

வெல்டர் சிரிக்கவில்லை. தனக்கு முன்னால் இருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் யாரும் இல்லை. முன்னால் மூன்று வரிசையிலும் ஒருவரும் இல்லை. அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் பார்த்திருக்கிறார்.

அண்ணி அவரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

புல் தெரிந்தது. வெள்ளைக் கோடு தெரிந்தது. பந்தைக் காணோம்.

இடப்பக்கம் தலையைச் சாய்த்தாள். பந்து இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். பந்து இல்லை. கறுப்பாக ஒன்றும் மறைக்கவில்லை. நிழல் இல்லை, உருவம் இல்லை. பந்து மட்டும் இல்லை.

கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். மட்டம் பார்க்கிற நூலை எடுத்துவரச் சொன்னாள். ஒரு முனையை வெல்டர் உட்கார்ந்த சீட்டில், கண் உயரத்தில் ஒரு குச்சி நட்டுக் கட்டினாள். இன்னொரு முனையை மேஸ்திரி பந்தின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். நூலை இறுக்கினாள். நூல் பொய் சொல்லாது என்று அவள் அடிக்கடி சொல்வாள்.

நூல் நேராக நிற்கவில்லை.

முன்சீட்டுக்கு மேலே, வெறும் காற்றில், ஓரிடத்தில் லேசாக வளைந்திருந்தது. எதன் மேலோ படிந்த மாதிரி. உட்கார்ந்திருப்பவரின் தலை வரும் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். ஒருவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தால் வருமே, அந்த உயரம்.

இன்னும் இறுக்கினாள்.

வளைவு நகர்ந்தது. தலையை உதறிக்கொள்வதுபோல.

மேஸ்திரி நூலை விட்டுவிட்டார். வெளிச்சம் போதவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஆட்களை அனுப்பிவைத்தார். அப்போது மணி ஐந்து நாற்பது. நல்ல வெளிச்சம் இருந்தது.

மறுநாள் ஐந்தாவது வரிசையிலும் மறைத்தது. அதற்கு மறுநாள் ஆறாவதில். அண்ணி எல்லாப் படிகளையும் திரும்ப அளந்தாள். ஒரு விரல்கூடப் பிசகவில்லை. யாரோ முன்வரிசையிலிருந்து நிரப்பிக்கொண்டே வருகிறார்கள் என்று மேஸ்திரி முணுமுணுத்தார். சும்மா இருங்கள் என்று அவள் அதட்டினாள். அவளுக்கும் அதுதான் தோன்றியிருந்தது.

அப்புறம் சீட்டுகள்.

அவை மடங்கும் சீட்டுகள். ஆள் எழுந்தால் ஸ்பிரிங் இழுத்து, முதுகோடு ஒட்டி நிமிர்ந்துகொள்ளும். ஆள் உட்கார்ந்தால்தான் கீழே படியும். ஒரு நாள் காலையில் வேலைக்கு வந்தவர்கள் கேலரியைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள். கீழ் வரிசைகள் முழுக்கச் சீட்டுகள் படிந்திருந்தன.

சீட் விற்ற கம்பெனியின் ஆளை வரவழைத்தாள். அவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஸ்பிரிங் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். ஒன்றை நிமிர்த்திவிட்டு, பார்த்தீர்களா என்று அண்ணியின் பக்கம் திரும்பினார். அவர் முதுகுக்குப் பின்னால் அது இறங்கியது.

மெல்ல...

மிக மெல்ல... மூட்டு வலிக்காரர் பிடித்துப் பிடித்து உட்காருவதுபோல.

அண்ணி பார்த்தாள். அவரிடம் சொல்லவில்லை. செயலாளரிடம் போய்ச் சொன்னாள். ஆட்டத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது, எண்ணெய் போடச் சொல்லுங்கள் என்றார் அவர்.

அதன் பிறகு ஆட்கள் வரிசைகளுக்குள் நடப்பதை விட்டுவிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டுமானால், வெளியே இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார்கள். பெயிண்டர் ஒருநாள் மறந்துபோய் ஒரு வரிசைக்குள் நுழைந்தவர், பக்கவாட்டில் திரும்பி, காலை ஒடுக்கி ஒடுக்கி வைத்துக்கொண்டு போனாராம். உட்கார்ந்திருப்பவர்களின் முழங்காலில் இடிக்காமல் போவோமே, அப்படி. பாதி வழியில்தான் அவருக்கே அது உறைத்தது. அதற்கப்புறம் அவர் வேலைக்கு வரவில்லை.

பத்தாவது வரிசை. பதினொன்று. கடைசி வரிசையும் படிந்தது.

கேலரி நிறைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அண்ணி மைதானத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தாள். இரண்டாயிரம் சீட்டுகள். எல்லாம் படிந்திருந்தன.

ஒன்று மட்டும் நிமிர்ந்திருந்தது.

எண்ண வேண்டிய தேவையே இல்லை. நுழைவாசலை ஒட்டி. ஏழாவது வரிசை. ஓரம்.

ஓடிப்போய் அதற்குப் பின்சீட்டின் அருகே நின்று நூலைக் கட்டினாள். இழுத்துக் கீழே கொண்டுவந்து இறுக்கினாள். அந்த ஒரு சீட்டுக்கு மேலே நூலில் வளைவில்லை. அங்கே யாரும் இல்லை. அந்த இடம் இன்னும் வராத ஒருவருக்காகக் காத்திருந்தது.

அந்த ராத்திரிதான் அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம் சொன்னது. அண்ணன் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். போய்ச் சேர்ந்த அந்தப் பழைய ரசிகர்கள் அவனைத் தங்களோடு சேர்த்துக்கொள்ளத்தான் அந்த இடம் என்றாள். நான்தான் அந்த இடத்தை அவருக்காகக் கட்டினேன், நானேதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் காலை, நீங்கள் ஆட்டத்துக்குப் போகக் கூடாது என்று அவனிடம் சொல்லிவிட்டாள். டாக்டரே போகச் சொன்னாரே என்றான். கூடாது என்றாள். ஏன் என்றான். அவளுக்குப் பொய் வரவில்லை. உண்மையையும் சொல்ல முடியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்ஜினியரம்மா, எனக்கு இருக்கிற ஆசை இது ஒண்ணுதான்" என்றான் அண்ணன்.

"தெரியும். போக வேண்டாங்க."

அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை. அவன் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அன்றும் அது கோபமாகத் தெரியவில்லை. வாங்கிக் கொடுப்பதாகச் சொன்ன பொருளைக் கடை வாசலில் வைத்து மறுத்துவிட்டால் குழந்தை முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

ஆனால் அவனோடு ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துக் கூட்டிப் போய்விடுவார்கள் என்று பயந்தாள். அந்த சீட்டே இல்லாமல் போனால்? உட்கார இடமே இல்லையென்றால்?

கட்டினவளுக்கு அப்படித்தானே யோசனை போகும்.

அன்று ஆறு மணிக்கு எல்லாரையும் அனுப்பினாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டாள். சரிவுப் பாதையில் ஏறினாள். நுழைவாசலில் நின்றாள்.

எல்லாச் சீட்டும் படிந்தபடியே இருந்தன.

சத்தம் இல்லை. ஆனால் காலியான இடத்தில் ஒரு எதிரொலி இருக்கும். அவள் செருப்புச் சத்தத்துக்கு எதிரொலியே இல்லை. ஆள் நிறைந்த கூடத்தில் நடந்த மாதிரி இருந்தது.

மண்டியிட்டாள். நாலு போல்ட். முதலாவது சுலபமாக வந்தது.

இரண்டாவதைத் திருகும்போது முழங்கை பக்கத்துச் சீட்டின் பக்கம் போனது. எதிலோ பட்டது. துணி. கனமான கம்பளித் துணி.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது போல்ட் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் அழுத்தினாள். வியர்வை கண்ணில் இறங்கியது. யாரோ அவள் தோளைத் தொட்டார்கள்.

தள்ளவில்லை. இழுக்கவில்லை. சும்மா தொட்டது ஒரு கை.

பிறகு இன்னொரு கை. முதுகில்.

பிறகு இன்னொன்று...

விடுங்க, விடுங்க, அவரை விட்டுடுங்க என்று வாய்விட்டு அழுதுகொண்டே திருகினாள். மூன்றாவது வந்தது.

நாலாவது.

சீட் கையோடு வந்தது.

தட்.

மேலே, கடைசி வரிசையில், ஒரு சீட் நிமிர்ந்தது.

தட். தட்.

தட தட தட தடவென்று... வரிசை வரிசையாக... மேலிருந்து கீழே... தகரக் கூரையில் கல்மழை விழுந்த மாதிரி...

எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

அவள் சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நுழைவாசல் சுவரில் ஒண்டினாள். காலடிச் சத்தம் இல்லை. ஆனால் போனார்கள். அவளை இடிக்காமல், ஒதுங்கி ஒதுங்கி, அந்த வாசல் வழியாக. ரொம்ப நேரம் போனார்கள்.

பிறகு அவள் மூச்சுவிடும் சத்தம் எதிரொலித்தது.

சீட்டைப் பழைய இரும்பு ஏற்றும் லாரியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். பாதையை அகலப்படுத்த வேண்டியிருந்தது என்று செயலாளரிடம் சொல்லிக்கொண்டாள். மறுநாள் திரும்பப் பார்வைச் சோதனை வைத்தாள். பன்னிரண்டு வரிசையிலும் பந்து தெரிந்தது. நூல் நேராக நின்றது. ஒரு சீட்கூடப் படிந்திருக்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தாள். அண்ணனோடு சமாதானம் ஆனாள். சரி, டிவியிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று அவனும் இறங்கி வந்திருந்தான். காலண்டரில் ஆபரேஷன் தேதியைச் சுற்றி நான் வட்டம் போட்டேன். நாங்கள் மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கிய கடைசி ராத்திரி அது.

இனி வருவது நான் பார்த்தது.

இரண்டு நாள் கழித்து. அண்ணன் சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். நான் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்து வலியா என்று கேட்டேன்.

"இல்ல. உங்க அண்ணியைக் கொஞ்சம் நகரச் சொல்லு. மறைக்கிறா."

அவனுக்கும் டிவிக்கும் நடுவில் யாரும் இல்லை. அண்ணி சமையலறையில் இருந்தாள். கையில் இருந்த பாத்திரத்தோடு வாசற்படியில் வந்து நின்றாள். அவன் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் வந்து டிவியை அணைத்தாள். கண்ணுக்கு ஆகாது, போதும் என்றாள்.

அடுத்த நாள் முன்னறையில் பேசினால் எதிரொலி குறைந்திருந்தது. ஜன்னல் திறந்திருந்தும் புழுக்கம். நான் கூடத்தைக் கடக்கும்போது பக்கவாட்டில் திரும்பிப் போகிறேன் என்பதைத் தற்செயலாகக் கவனித்தேன்.

எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று அண்ணி கேட்டாள். எங்கே போவது. ஆபரேஷன் இந்த ஊரில். டாக்டர் இந்த ஊரில். ஆபரேஷன் வரை பதினைந்து நாள் ஓட்டிவிட்டால் போதும் என்று நினைத்தோம். பதினான்கு. பதின்மூன்று.

ஆட்டம் நடந்த நாள். நாலே முக்காலுக்கு டிவி போட்டோம். அண்ணி அவன் பக்கத்திலேயே, அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கட்டிய கேலரியைக் காட்டினார்கள். ஆள் கொஞ்சம்தான். காலிச் சீட்டுகள் எல்லாம் ஒழுங்காக நிமிர்ந்திருந்தன. நடுவில் நுழைவாசல் ஓரம், பல் விழுந்த இடம் மாதிரி ஒரு சந்து. அங்கே ஒருத்தரும் இல்லை பார் என்று அவள் என் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தாள். அவள் முகத்தில் ஒரு நொடி சந்தோஷம் வந்தது. வந்தபடியே செத்துப்போனது.

அங்கே இல்லை.

எங்கள் டீம் மூன்று கோல் வாங்கியிருந்தது. அண்ணன் திட்டவில்லை, கத்தவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தே பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது கோலும் விழுந்தது.

"எல்லாரையும் உட்காரச் சொல்லேன்" என்றான் மெல்ல. "ஒண்ணுமே தெரியல."

அவன் கை அவள் கையிலிருந்து நழுவியது.

ஐந்து ஐம்பத்திரண்டு. அப்போதுதான் ஆம்புலன்சுக்கு நான் போன் செய்தேன். ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும் என்றார்கள். அண்ணி அவனைத் தரையில் படுக்க வைத்து நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். நான் வாசலுக்கு ஓடினேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. சைரன் சத்தம் கேட்டது. தெருமுனை வரை வந்தது. அங்கேயே நின்றது.

அங்கேயே நின்றது...

நான் கத்தினேன். கை காட்டினேன். காலித் தெரு. வண்டி நகரவில்லை. ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றது.

உள்ளே அண்ணி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவனைப் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர்கள் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஆறு பதினெட்டு. டிரைவரின் சட்டையில் பொத்தான் அறுந்திருந்தது. கூட வந்தவர் அண்ணனின் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். ஒரு கருவியும் ஒரு ஆளும் பக்கத்தில் இருந்திருந்தாலே போதும் என்றார். அண்ணி அதைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு அழவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து அவளே ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். காலித் தெருவில் இருபது நிமிஷம் எதற்காக நின்றீர்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். கூப்பிட்டு அனுப்பினார்கள். நானும் போனேன். அதிகாரி டிரைவரையும் வரச் சொல்லியிருந்தார். டிரைவர் நடுத்தர வயது. நிதானமான மனிதர். புகாரைப் படித்துக் காட்டியதும் அவர் முகம் சிவந்துவிட்டது.

நாலு நிமிஷத்தில் தெருமுனைக்கு வந்துவிட்டோம் என்றார். உங்கள் வாசலில் அவ்வளவு கூட்டத்தை நிற்க வைத்துவிட்டு எங்களை லேட் என்றால் என்ன நியாயம் என்று கேட்டார். தெரு அடைத்து நின்றார்களாம். எல்லாரும் வயசானவர்கள். கம்பளிக் கோட்டு. தோளோடு தோள் ஒட்டி, இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் வீட்டு ஜன்னலையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஹார்ன் அடித்தாலும் நகரவில்லை. கடைசியில் வண்டியை விட்டிறங்கி, பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு இடித்துப் பிடித்துத்தான் வந்தோம் என்றார். கூட வந்தவரையும் கேளுங்கள் என்றார்.

அதிகாரி எங்களைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கூட்டத்தில் யாரும் எதுவும் பேசவில்லையா என்று அவள் கேட்டாள்.

டிரைவர் கொஞ்சம் யோசித்தார். அவர் கோபம் தணிந்திருந்தது.

"ஒரே ஒருத்தர் திரும்பிப் பாத்தாரும்மா. வழி விடுங்கய்யா, ஒரு உயிர் போயிட்டிருக்குன்னு கெஞ்சினேன். அவர் கண்ணெல்லாம் தண்ணி. 'பத்திரமான இடமாப் பாத்து அவனுக்குப் பிடிச்சு வச்சிருந்தோம். எடுத்துட்டாங்க'ன்னாரு."

அவர் அண்ணியின் முகத்தைப் பார்த்தார்.

"எதைம்மா எடுத்தாங்க?"